டிக்கியில் ஒரு சாண்



போன வாரம் பேரன் ஒரு படம் போட்டிருந்தான். நான் காரின் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். "சார், பஞ்சரா? நாங்க வரட்டுமா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். பஞ்சர் இல்லை. உள்ளே இருப்பது சப்ஊஃபர். அதை டிக்கியில் எந்த இடத்தில் வைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். 1994-இல் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் மட்டும் பாதியில் விடாமல் கடைசி வரை வாருங்கள்.

கார் என் மகனுடையது. பெங்களூரில் புதுக் கார் வாங்கியதும் பழையதை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனான். 4 மீட்டருக்குள் அடங்கும் செடான் வண்டி. டிக்கியில் 12 இன்ச் ஊஃபர் ஒன்று, மரப்பெட்டியோடு. பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர். இந்த வயதில் இவருக்கு எதற்குங்க இது என்று வீட்டம்மா கேட்டாள். கழற்றி விற்றுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

விற்காததற்குக் காரணம் என் காது. இரண்டு வருடம் முன்பு காது டாக்டர் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். கோடு இடது பக்கம் நேராகப் போய், வலது பக்கம் போகப் போகச் சறுக்கி இறங்குகிறது. கனத்த சத்தங்கள் பழையபடி கேட்கின்றன, மெல்லிய கூர்மையான சத்தங்கள் போய்விட்டன என்று அர்த்தமாம். வயதானால் பெரும்பாலும் மேலே இருந்துதான் குறையுமாம். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஊரில் சில்வண்டே இல்லாமல் போய்விட்டது, எல்லாம் பூச்சிமருந்தால்தான் என்று நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில்வண்டு இருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. இளையராஜா பாட்டுகளிலும் அப்படியே. வயலின் எல்லாம் பஞ்சுக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. பாஸ் கிடார் மட்டும் அன்று எப்படிக் கேட்டதோ அப்படியே இருக்கிறது. சரி, மிச்சம் இருப்பதையாவது நன்றாகக் கேட்போமே என்று பெட்டியை விட்டுவைத்தேன்.

ஆனால் அது சரியாகக் கேட்கவில்லை. கோடை லீவுக்கு வந்த பேரன் கேட்டைத் திறக்க இறங்கினான். "தாத்தா, வெளிய நின்னா டும் டும்னு கேக்குது. உள்ள உக்காந்தா காணமே" என்றான். உண்மைதான். தெருவுக்கெல்லாம் கேட்கிறது, ஓட்டுகிற எனக்கு இல்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பவர் பத்தாது, இன்னொரு ஊஃபரும் பெரிய ஆம்ப்ளிஃபையரும் போட்டால் சரியாகிவிடும், 22,000 ஆகும் என்றார்கள். பென்ஷன்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் பாதி மனது ஆகிவிட்டது. மச்சினன் மகன்தான் தடுத்தான். "மாமா, பைபாஸ் ரோட்டுல ஒருத்தர் இருக்காரு. பஸ் பாடி கட்டற இடத்துல ஆடியோ மாட்டி மாட்டியே கத்துக்கிட்டவரு. அவருகிட்ட ஒருவாட்டி காட்டுங்க" என்றான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பள்ளியில் எட்டு முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போன பையன்களின் பட்டியலே என்னிடம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். தகரக் கூரை, இரண்டு பையன்கள், பெரிய கடை ஒன்றும் இல்லை. வயது நாற்பத்துநாலு நாற்பத்தைந்து இருக்கும் ஒருவர் எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததும் காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். "நடுநிலைப் பள்ளிக்கூடத்து அறிவியல் சார்தானுங்களே?" என்றார். எனக்கு முகம் பிடிபடவில்லை. அப்பா பெயரைச் சொன்னார். உருமிக்காரர் மகன். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாமல், கார் சாவியை நீட்டிவிட்டு நின்றேன். பழைய மாணவர்களை எங்கே பார்த்தாலும் "ஏன்டா, எப்படிடா இருக்கே" என்றுதான் வாயில் வரும். அன்று வரவில்லை.

டிக்கியைத் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், உள்ளே கைவிட்டு ஒரு அளவு எடுத்தது. டேப் எல்லாம் இல்லை. கையை விரித்துச் சாண் போட்டார். மகன் பெட்டியைப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி, ஊஃபரின் முகம் எங்களைப் பார்க்கும்படி வைத்திருந்தான். "எல்லாரும் இப்படித்தானுங்க வைக்கறாங்க. பாடறவங்க நம்மளப் பாத்துப் பாடணும்னு நெனச்சுக்கறாங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார். "பெட்டிய நகத்தறது நானு. காது உங்களுதுங்க சார். வால்யூம மட்டும் தொடாதீங்க" என்றார். ஏதோ ஒரு உருமிச் சத்தத்தை ஓடவிட்டார். பாட்டு இல்லை, வெறும் அடி. முதலில் பெட்டி இருந்தபடியே. அடி கேட்டது, ஆனால் உள்ளே ஓட்டையாகக் கேட்டது. இரண்டாவது, அதே இடத்தில் பெட்டியைத் திருப்பி, ஊஃபரின் முகம் பின்பக்கம் பார்க்க. கொஞ்சம் தேவலை. மூன்றாவது, பெட்டியை அப்படியே பின்னுக்கு இழுத்து, ஊஃபரின் முகத்துக்கும் வண்டியின் பின்தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் மட்டும் விட்டு வைத்தார். டிக்கியை மூடினார்.

நான் பொய் சொல்லவில்லை, சீட்டின் முதுகு என்னைத் தட்டியது. வால்யூமைக் கூட்டிவிட்டாரோ என்று பார்த்தேன். அதே 14-இல்தான் இருந்தது. நான்காவதாக இடது மூலையில் தள்ளி வைத்தும் பார்த்தார். அதுவும் ஏறக்குறைய அதே மாதிரிதான், ஆனால் ஸ்டெப்னியை எடுக்க இடைஞ்சல். மூன்றாவதையே வைத்துக்கொண்டோம். 22,000 ரூபாய் வேலையை ஒரு சாண் முடித்துவிட்டது.

எப்படி என்று கேட்டேன். "போற சத்தமும் பின்னால தகரத்துல மோதித் திரும்பி வர்ற சத்தமும் எதிரும் புதிருமா ஆயிருதுங்க. ஒண்ண ஒண்ணு தின்னுருது" என்றார். அவ்வளவுதான் அவர் விளக்கம். மீதியை நான் அங்கேயே தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். கடையில் அளவு குறிக்கச் சாக்பீஸ் வைத்திருந்தார். எட்டு வருடம் கழித்துக் கையில் எடுக்கிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

சத்தம் நம் ஊர் வெயிலில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். பெட்டி சீட்டோடு ஒட்டி, முகம் முன்னே பார்த்து இருந்தபோது ஊஃபரிலிருந்து பின்தகரம் 1 மீட்டர் தூரம். சத்தத்தில் ஒரு பங்கு நேராக நம்மிடம் வருகிறது. இன்னொரு பங்கு பின்னால் போய், மோதி, திரும்பி வருகிறது. போக 1, வர 1, ஆக 2 மீட்டர் அதிகப் பயணம். அந்த 2 மீட்டர் எந்த அலைக்குப் பாதி நீளமோ, அந்த அலை திரும்பி வரும்போது ஒன்று மேடாக இருக்கையில் மற்றது பள்ளமாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அழிந்துவிடும். பாதி 2 என்றால் முழு அலை 4 மீட்டர். 350-ஐ 4-ஆல் வகுத்தால் 87 ஹெர்ட்ஸ் சொச்சம். ஊஃபர் பாடவேண்டிய எல்லையிலேயே, மேளத்தின் 'கும்' இருக்கும் அதே இடத்தில் ஒரு குழி. எவ்வளவு பவர் கொடுத்தாலும் நேர் அலையும் கூடும், திரும்பி வரும் அலையும் கூடும். குழி குழியாகவேதான் இருக்கும்.

இப்போது ஒரு சாண் இடைவெளி. சாண் 22, 23 சென்டிமீட்டர். போக வர 45. முழு அலை 90 சென்டிமீட்டர். 350-ஐ 0.9-ஆல் வகுத்தால் 390 பக்கம் வருகிறது. அது ஊஃபர் தொடவே தொடாத சுருதி. குழி எங்கேயோ போய்விட்டது. அதற்கு ரொம்பக் கீழே இருக்கும் அலைகளுக்கெல்லாம் போவதும் வருவதும் கூட்டாகச் சேர்ந்துகொள்கின்றன.

ரொம்பக் கீழ்ச் சுருதிக்கு வேறு கதை. பாஸ் கிடாரின் கனத்த தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதன் அலைநீளம் எட்டரை மீட்டர். காரோ உள்ளே முன்கண்ணாடியிலிருந்து டிக்கி வரை 3 மீட்டர்தான். அந்த அலை முழுதாக நிற்க வண்டிக்குள் இடமே இல்லை. அப்போது ஊஃபர் செய்வது சைக்கிள் பம்பு வேலை. வண்டிக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் அமுக்கி விடுகிறது, இழுக்கிறது. அதனால்தான் சின்னக் காருக்குள் சின்ன ஊஃபரே பெரிய வீட்டு ஹாலில் இல்லாத பாஸைக் கொடுத்துவிடுகிறது. அவர் கண்ணாடியை ஏற்றச் சொன்னதும் அதற்காகத்தான். ஓடும்போது ஒரு கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், அடி பாஸ் அந்த வழியாகவே இறங்கிப் போய்விடும்.

பெட்டியை ஒரு சாணில் வைத்தால் எல்லா வண்டிக்கும் சரியா என்று கேட்டேன். "இல்லீங்க. டிக்கியும் சீட்டும் ஒண்ணா இருக்கற வண்டிக்கு வேற, செடானுக்கு வேற. நகத்தி நகத்திக் கேக்கோணும்" என்றார். செடானில் டிக்கிக்கும் நமக்கும் நடுவில் பின்சீட்டும் ஒரு தகரமும் இருக்கின்றன. சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் பின்சீட்டுக்கு மேலே இருக்கும் தட்டில் ஸ்பீக்கருக்கென்று இரண்டு ஓட்டைகள். அதன்மேல் வீட்டம்மா தலையணை, சால்வை, திருப்பதிக்குப் போனபோது வாங்கிய தொப்பி எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்தோம்.

அடுத்து அவர் செய்ததை வகுப்பில் காட்டியிருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஊஃபர் ஒயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் கடிகார பேட்டரி ஒன்றை நொடிநேரம் தொட்டுக் காட்டினார். ஊஃபர் முகம் உள்ளே போனது. ப்ளஸ்ஸில் ப்ளஸ் பட்டால் வெளியே வரவேண்டும். யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முன் ஸ்பீக்கர்கள் காற்றைத் தள்ளும்போது இது இழுத்திருக்கிறது. மாற்றி மாட்டினார். 120 ஹெர்ட்ஸ் வரை திறந்துகிடந்த வடிகட்டியையும் 80-க்கு இறக்கினார். அதற்குமேல் போனால் சத்தம் பின்னாலிருந்து வருவது தெரிந்துவிடுமாம். 80-க்குக் கீழே எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது, முன்னால் இருந்து பாடுகிற மாதிரியே இருக்கும்.

தெருவுக்குக் கேட்ட டும் டும்மில் பாதி நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும் அதிர்ந்ததுதான். மூடிக்கு உள்ளே ஒட்டுகிற ரப்பர் ஷீட் போட்டார். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயருக்கு ஃபியூஸ் டிக்கியில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம் வந்தது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், நடுவில் எங்கேயாவது ஒயர் உரசித் தோல் போனால் பின்னால் இருக்கும் ஃபியூஸ் காப்பாற்றாது, வண்டியே எரிந்துவிடும் என்று சொல்லி பானெட்டுக்குள் மாற்றினார். டிக்கியில் பெட்டி வைத்திருப்பவர்கள் பதிவைப் படித்த கையோடு இதைப் பாருங்கள். பெட்டியையும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். இருபது கிலோ கனம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. சடன் பிரேக் போட்டால் அது நிற்காது.

பெல்ட் கொக்கியை அவர் முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். "இது என்ன மேளம்? எந்தப் பாட்டுல வருது?"

"எங்கப்பாவுங்க. நோம்பியில வாசிச்சது. ஸ்டூடியோக்காரரக் கூட்டிட்டுப் போயிப் பிடிச்சேன். அடுத்த வருசம் தவறிட்டாருங்க. எந்த வண்டிக்கும் இதப் போட்டுத்தான் பாப்பேன். எங்க எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியுமில்லீங்க."

இனி 1994-க்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு, ஒலிப் பாடம். தூரம் கூடக்கூட ஒலி குறையும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து அவன் எழுந்தான். "சார், எங்கப்பா கோயில் மண்டபத்துல உருமி வாசிக்கறப்ப நடு மண்டபத்துல நின்னா அவ்வளவு இல்ல சார். பின்னாடி மூலையில போய் நின்னா வயித்துக்குள்ள கும்முங்குது. மூலைதானே சார் தூரம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, புத்தகத்திலும் இல்லை. தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "உங்கப்பன் அடிக்கறதும் அறிவியலும் ஒண்ணாடா? உக்காரு." வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவனைப் பெஞ்சின்மேலும் ஏற்றினேன்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த வகுப்பில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் தெரியும். சொன்ன எனக்கும் தெரியும். அந்தக் காலம் அப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதே காலத்தில் அதே பள்ளியில் அப்படிப் பேசாத ஆசிரியர்களும் இருந்தார்கள்.

கொக்கி முடுக்கும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "1994-ல ஒலிப் பாடம் நடத்தறப்ப நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க" என்று ஆரம்பித்தேன். நீங்க என்றுதான் வந்தது.

"ஞாபகமிருக்குதுங்க சார்" என்றார். நிமிரவில்லை.

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. மன்னிக்கணும்."

அவர் கொக்கியை இன்னொரு சுற்று முடுக்கி, பெட்டியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பிறகுதான் பேசினார். "அன்னைக்கு ராத்திரியே எங்கப்பாகிட்டச் சொன்னேனுங்க. அவரு கோவிச்சுக்கல. சாருக்குத் தெரியலயாட்ட இருக்குதுன்னாரு."

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். சாக்பீஸ் இன்னும் என் கையில்தான் இருந்தது. அவரே கேட்டார். "இப்பத் தெரியுங்களா சார், மூலையில ஏன் கும்முங்குதுன்னு?"

தரையில் மண்டபத்தைப் போட்டேன். நான்கு சுவர். சுவரில் மோதும்போது காற்று மேலே போக முடியாமல் அமுங்குகிறது, அதனால் சுவரோரம் அழுத்தம் கூடுதல். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்கின்றன, எல்லாப் பக்க அலையும் அங்கே கூடும். மண்டபத்தின் நடுவில் போகிற அலையும் வருகிற அலையும் சில சுருதிகளில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். உருமியின் சுருதி அப்படி ஒன்றில் விழுந்திருந்தால் நடுவில் நிற்பவனுக்குக் கேட்காது, தூரத்து மூலையில் நிற்பவனுக்கு வயிற்றில் இடிக்கும். நீங்கள் கேட்டது சரி, நான் சொன்னது திறந்தவெளிக்கு மட்டும்தான் பொருந்தும் என்றேன். கடைப் பையன்கள் இரண்டு பேரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். "அதேதானுங்க டிக்கியிலயும்" என்றார். அவ்வளவுதான்.

கூலி 1,200, ஷீட்டுக்கும் ஃபியூஸுக்கும் சேர்த்து. சாரிடம் வாங்கமாட்டேன் என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் சொல்லவில்லை. எண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது காரின் கதவை அவரே சாத்தினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் வால்யூமை 14-இலிருந்து 9-க்கு இறக்கினேன். அதுவே போதுமானதாக இருந்தது. இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கனத்த சத்தம் காதுக்குக் கூர்மையாகத் தெரியாது, அதனால் கைதானாகவே கூட்டிக்கொண்டு போகும். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை என்று தொழிற்சாலைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. சில்வண்டு கேட்காமல் போனபிறகு அது திரும்பி வராது.

அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாங்க" என்றார். அதனால் கமெண்டில் யாரும் பெயரைப் போடாதீர்கள், தெரிந்தாலும்.

1994 எட்டாம் வகுப்புக்காரர்களே, அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். உங்களைச் சிரிக்க வைத்தது நான், அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. டிக்கியில் ஊஃபர் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். அவரிடம் கேட்டு, சரி என்றால் கடைக்கு வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்.